ஒன்பது ஊர், ஒரே பட்டம்



ஆடி முடிந்து ஆவணி பிறந்துவிட்டது. அமெரிக்க மருத்துவப் பள்ளிகளில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வெள்ளைக் கோட்டு அணிவிக்கும் காலம் இது. நம் வாசகர் குடும்பங்களின் வாட்ஸப் குழுக்களில் கோட்டுப் போட்ட பிள்ளைகளின் படங்கள் வரத் தொடங்கிவிட்டன. அவர்களுக்கும், அவர்களைப் பெற்று வளர்த்தவர்களுக்கும் நம் இதழின் வாழ்த்துகள். அடுத்த ஆண்டு சேர நினைக்கும் பிள்ளைகளோ இதே மாதத்தில் இரண்டாம் கட்ட விண்ணப்பங்களை எழுதிக்கொண்டு, தூக்கத்தைத் தொலைத்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த மாதப் பக்கம் முக்கியமாக அவர்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு.

சில மாதங்களுக்கு முன் ஒரு வாசகி தொலைபேசியில் அழைத்தார். "ஐயா, பொண்ணுக்கு இண்டியானா மெடிக்கல் ஸ்கூல்ல இடம் கிடைச்சிருக்கு. ஆனா இண்டியானாபொலிஸ் இல்ல, மன்சின்னு ஒரு ஊரைப் போட்டிருக்காங்க. மார்க் கம்மியா இருந்தா அப்படித் தள்ளிவிடுவாங்களா?" என்று கேட்டார். திருச்சியில் இருக்கும் மாமியாரிடம் பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் சொல்லியிருக்கிறாராம். ஊர்ப் பெயரை இன்னும் சொல்லவில்லையாம்.

அவருக்குச் சொன்ன பதிலையே இங்கே விரித்து எழுதுகிறேன். மார்க்குக்கும் மன்சிக்கும் சம்பந்தமில்லை. பல ஊர்களில் வளாகம் வைத்திருக்கும் மாநில மருத்துவப் பள்ளிகளில், எந்த ஊரில் படிப்பது என்பது தரவரிசையில் ஒரு படி மேலா கீழா என்று பார்த்து முடிவாவதில்லை. மாநிலத்தின் எந்த மூலையில் நாளைக்கு மருத்துவர் வேண்டும் என்ற கேள்வியிலிருந்து பிறந்த ஏற்பாடு அது. இது புரிந்துவிட்டால், எந்த ஊர் வேண்டும் என்று பள்ளி கேட்கும் விருப்பப் படிவத்தை நிரப்புவதும் எளிது, கிடைத்த ஊரைச் சந்தோஷமாக ஏற்பதும் எளிது.

அந்தச் சந்தேகம் நமக்கு வருவதில் ஆச்சரியமில்லை. நம்மில் பலர் கலந்தாய்வில் வளர்ந்தவர்கள். கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகக் கூடத்தில் அப்பாவோடு உட்கார்ந்து, திரையில் காலியிடங்கள் ஒவ்வொன்றாகக் குறைவதை வயிற்றில் புளி கரையப் பார்த்தவர்கள். நம் முறை வருவதற்குள் கம்ப்யூட்டர் சயன்ஸ் போய்விடுமா, கிண்டி போய்விடுமா என்று எண்ணிக்கொண்டே இருந்தவர்கள். மருத்துவத்திலும் அதே கதைதான். முதல் ரேங்க் சென்னை மருத்துவக் கல்லூரியான எம்.எம்.சி.யை எடுப்பான், அடுத்து ஸ்டான்லி, அதற்கடுத்து மதுரை என்று ஊர்களே மதிப்பெண் பட்டியலாக மாறிவிடும். தமிழ்நாட்டின் அரசு மருத்துவக் கல்லூரிகளில் எங்கே படித்தாலும் பட்டம் தருவது ஒரே டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம்தான். ஆனாலும் கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பக்கத்தில் எம்.எம்.சி. என்று போட்டுக்கொள்பவர்கள் உண்டு. இலங்கையிலிருந்து வந்த வாசகர்களுக்கு இசட் ஸ்கோரும் மாவட்டக் கோட்டாவும் நினைவிருக்கும். அங்கும் கொழும்பா, பேராதனையா, யாழ்ப்பாணமா என்பதில் புள்ளியும் கலந்திருந்தது. இந்தப் பழக்கத்தோடு இண்டியானாவைப் பார்த்தால் மன்சி ஏதோ ஏழாவது இடம் போலத் தோன்றத்தான் செய்யும்.

இண்டியானா பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியின் கதை வேறு. 1903-ல் தொடங்கிய பள்ளி அது. அறுபதுகளில் அந்த மாநிலத்துக்கு ஒரு கவலை வந்தது. செலவழித்துப் படிக்க வைத்த மருத்துவர்கள் வெளி மாநிலங்களுக்குப் போகிறார்கள், சிறு நகரங்களிலோ ஆளில்லை. இரண்டாவதாக ஒரு மருத்துவப் பள்ளி கட்ட வேண்டும் என்று குரல் எழுந்தது. எங்கே கட்டுவது என்பதில் ஊருக்கு ஊர் போட்டி. கடைசியில் புதுப் பள்ளி கட்டும் யோசனை கைவிடப்பட்டது. இருக்கிற பள்ளியையே மாநிலம் முழுக்கப் பரப்புவது என்று 1971-ல் சட்டமன்றம் முடிவெடுத்தது. பர்டியூ, நோட்ர டேம், பால் ஸ்டேட், இண்டியானா ஸ்டேட் என்று ஏற்கெனவே ஊர்களில் இருந்த பல்கலைக்கழகங்களின் வகுப்பறைகளையும், உள்ளூர் மருத்துவமனைகளையும் பயன்படுத்திக்கொள்வதுதான் திட்டம். ஆரம்பத்தில் முதல் வருடத்தை மட்டும் ஊர்களில் படித்தார்கள். பிறகு இரண்டு வருடமாயிற்று. மிச்சப் படிப்புக்கு எல்லோரும் இண்டியானாபொலிஸ் வந்தாக வேண்டியிருந்தது. இப்போது நான்கு வருடங்களையும் எந்த வளாகத்திலும் முடிக்கலாம்.

வளாகங்கள் மொத்தம் ஒன்பது. நடுவில் தலைநகர் இண்டியானாபொலிஸ். தெற்கே பல்கலைக்கழகத்தின் தாய் ஊரான புளூமிங்டன். ஒஹாயோ ஆற்றங்கரையில், அக்கரையில் கென்டக்கி தெரிய, எவன்ஸ்வில். மேற்கே வாபாஷ் ஆற்றோரம் டெர்ரா ஹோட். பர்டியூ இருக்கும் வெஸ்ட் லஃபாயட். சிகாகோவுக்குப் பக்கத்தில், எஃகு ஆலைக்காகவே எழுந்த கேரி. வடக்கே நோட்ர டேமை ஒட்டிய சவுத் பெண்ட். வடகிழக்கே மாநிலத்தின் இரண்டாவது பெரிய நகரமான ஃபோர்ட் வெய்ன். கிழக்கே மன்சி. கேரியும் எவன்ஸ்வில்லும் சிகாகோ நேரத்தைப் பின்பற்றும் ஊர்கள், மற்றவை நியூயார்க் நேரத்தை. ஒரே பள்ளி, ஒரே வகுப்பு, கடிகாரம் மட்டும் இரண்டு.

வகுப்புக்கு முந்நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட மாணவர்கள் சேர்கிறார்கள். அமெரிக்காவின் மிகப் பெரிய மருத்துவப் பள்ளிகளுள் ஒன்று அது. இண்டியானாபொலிஸில்தான் கூட்டம் அதிகம். மற்ற ஊர்களில் ஒரு வகுப்புக்குச் சில பத்துப் பேர்தான். 2016 முதல் ஒன்பது ஊர்களிலும் புதிய பொதுப் பாடத்திட்டம் நடைமுறையில் இருக்கிறது. பட்டத்தில் வளாகத்தின் பெயரால் உயர்வு தாழ்வு கிடையாது.

சரி, யார் எந்த ஊருக்கு என்பதை எப்படி முடிவு செய்கிறார்கள்? இதற்கு நாடு தழுவிய ஒரு விதி இருக்கிறது என்பது பல பெற்றோருக்குத் தெரியாது. அமெரிக்காவில் எம்.டி. பட்டம் தரும் பள்ளிகளுக்கு அங்கீகாரம் வழங்கும் அமைப்பு எல்.சி.எம்.இ. பல வளாகங்கள் உள்ள பள்ளி ஒதுக்கீட்டை எப்படிச் செய்ய வேண்டும் என்று அதன் தர நிர்ணயம் சொல்கிறது. ஒதுக்கும் பொறுப்பை ஏதோ ஒரு வளாகத்தின் கையில் விட்டுவிடாமல், பள்ளியே மையமாக ஏற்க வேண்டும். மாணவரின் விருப்பத்தைக் கேட்க வேண்டும். முறை நியாயமானதாக இருக்க வேண்டும். தக்க காரணம் உள்ள மாணவர் வேறு இடம் கேட்க ஒரு வழி இருக்க வேண்டும். எங்கே படித்தாலும் படிப்பின் தரமும் தேர்வு முறையும் சமமாக இருக்க வேண்டும் என்றும் விதி தனியாக இருக்கிறது. ஆக, உங்கள் பிள்ளைக்கு ஒதுக்கப்பட்ட ஊரைப் பற்றிக் கேள்வி கேட்பதும், மாற்றம் கோருவதும் யாரையும் சங்கடப்படுத்தும் காரியமில்லை. விதியே திறந்து வைத்திருக்கும் கதவு அது.

இந்த விதி என்ற கூரைக்குக் கீழே ஒவ்வொரு பள்ளியும் தனக்கென ஒரு நடைமுறை வைத்திருக்கிறது. பொதுவாக, மாணவர் ஊர்களைத் தன் விருப்பப்படி வரிசைப்படுத்தித் தருகிறார். சில பள்ளிகள் விண்ணப்பத்திலேயே அதைக் கேட்கும், சில பள்ளிகள் இடம் கொடுத்த பிறகு கேட்கும். ஒரு ஊரில் இருக்கும் இடத்தைவிட அதை முதலில் போட்டவர்கள் அதிகமானால்தான் சிக்கல். அப்போது குலுக்கல் போடும் பள்ளியும் உண்டு, அழைப்பு வந்த தேதி வரிசையைப் பார்க்கும் பள்ளியும் உண்டு, குடும்பக் காரணங்களையும் அந்த ஊரோடு மாணவருக்கு இருக்கும் தொடர்பையும் எடைபோடும் பள்ளியும் உண்டு. வேலையில் இருக்கும் கணவனோ மனைவியோ, கைக்குழந்தை, நோயில் படுத்திருக்கும் பெற்றோர் இவையெல்லாம் எழுதத் தகுந்த காரணங்களே.

சில இடங்கள் ஊரோடு பிணைந்தவை. இண்டியானாவில் கிராம மருத்துவத்துக்கான தனிப் பயிற்சித் திட்டம் டெர்ரா ஹோட்டில் இருக்கிறது. அதில் சேர விரும்புபவர் அந்த ஊரைத்தான் தேடிப் போவார். அப்படிப் போகிறவர்கள் ஒதுக்கப்பட்டவர்கள் இல்லை, தேர்ந்தெடுத்தவர்கள். கடைசியில் மிஞ்சியவர்களுக்கான ஊர் என்று நாம் நினைக்கும் இடத்துக்கு முதல் விருப்பமாகப் பெயர் போட்டு வந்தவர்கள் அந்த வகுப்பில் உட்கார்ந்திருப்பார்கள்.

விருப்பத்துக்கே இடம் குறைவாக உள்ள ஏற்பாடும் ஒன்று இருக்கிறது. சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளி ஐந்து மாநிலங்களுக்குப் பொதுவாக நடக்கிறது. வாஷிங்டன், வயோமிங், அலாஸ்கா, மொன்டானா, ஐடஹோ என்ற ஐந்தின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து அதை 'வாமி' என்பார்கள். 1971-ல் நான்கு மாநிலங்களோடு தொடங்கியது, தொண்ணூறுகளில் வயோமிங் சேர்ந்தது. இங்கே முதல் கட்டப் படிப்புக்கான ஊரை முடிவு செய்வது உங்கள் வீட்டு முகவரி. மொன்டானாக்காரருக்கு போஸ்மன், அலாஸ்காக்காரருக்கு ஆங்கரேஜ், வயோமிங்காரருக்கு லாரமி, ஐடஹோக்காரருக்கு மாஸ்கோ. ரஷ்யத் தலைநகரின் பெயரில் ஐடஹோவில் ஒரு சிறு ஊர் இருக்கிறது. வாஷிங்டன் மாநிலத்தவர் மட்டும் சியாட்டில், ஸ்போக்கேன் இரண்டில் விருப்பம் சொல்லலாம். மற்ற நான்கு மாநிலங்கள் தங்கள் பிள்ளைகளுக்காக அந்தப் பள்ளியில் இடங்களுக்குப் பணம் கட்டுகின்றன. பணம் கட்டுகிற மாநிலம், பிள்ளை தன் மண்ணிலேயே படிப்பைத் தொடங்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது இயல்புதானே?

சிறு ஊர் வளாகத்தின் மிகச் சிறிய வடிவத்தைப் பார்க்க கான்சாஸுக்குப் போக வேண்டும். கோதுமை வயல்களுக்கு நடுவே உள்ள சலைனா என்ற ஊரில், கான்சாஸ் பல்கலைக்கழகம் 2011-ல் ஒரு மருத்துவ வளாகம் தொடங்கியது. முதல் வகுப்பில் எட்டே மாணவர்கள். நம் ஊர் டியூஷனில்கூட இதைவிடக் கூட்டம் இருக்கும். ஆனால் அந்த எட்டுப் பேரும் படித்து வாங்கியது பெருநகரத்து மாணவர் வாங்கும் அதே எம்.டி.யைத்தான்.

கனடா வாசகர்களுக்கு இன்னொரு உதாரணம். 2000-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் கொலம்பியாவின் வடக்கே பிரின்ஸ் ஜார்ஜ் நகரில், மருத்துவர் இல்லாத கொடுமையைச் சொல்லி ஆயிரக்கணக்கான மக்கள் ஓர் அரங்கத்தில் திரண்டார்கள். 2004-ல் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகம் அந்த ஊருக்கான மருத்துவப் படிப்பைத் தொடங்கியது. இன்றைக்கு வான்கூவர், விக்டோரியா, கெலோனா, பிரின்ஸ் ஜார்ஜ் என்ற இடங்களை மாணவர்கள் வரிசைப்படுத்துகிறார்கள். வடக்கே போக விரும்புகிறவர் ஒதுக்குப்புற வாழ்க்கைக்குப் பொருந்துவாரா என்றும் தனியாகப் பார்க்கிறார்கள். சிறு ஊர் வளாகத்துக்கும் தகுதி பார்த்துத்தான் எடுக்கிறார்கள் என்பதை நம் வீட்டு விவாதங்களில் யாராவது சொல்ல வேண்டும்.

இதற்கெல்லாம் பின்னால் ஒரு எளிய கணக்கு இருக்கிறது. மருத்துவர்கள் பயிற்சி பெற்ற இடத்தை ஒட்டியே தொழில் நடத்த முனைகிறார்கள். பட்டத்துக்குப் பிறகு மருத்துவமனையில் எடுக்கும் ரெசிடென்சி பயிற்சியை முடித்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் பயிற்சி எடுத்த மாநிலத்திலேயே தங்கிவிடுகிறார்கள் என்று அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கம் தொடர்ந்து பதிவு செய்து வருகிறது. கிராமப்புறத்தில் வளர்ந்தவர் கிராமத்துக்குத் திரும்பும் வாய்ப்பு அதிகம் என்பதையும் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. மன்சியில் நான்கு வருடம் இருந்த பெண்ணுக்கு அந்த ஊர் மருத்துவமனையின் தாதிகள் பெயரோடு தெரிவார்கள். மளிகைக் கடையில் நிற்பவர் நோயாளியாகவும் வருவார். அவள் அங்கேயே இருந்துவிடலாம் அல்லவா? மாநிலம் அந்த 'இருந்துவிடலாம்' மீதுதான் பணம் போடுகிறது.

மாணவருக்கு இதில் என்ன லாபம், என்ன நஷ்டம்? இரண்டையும் சொல்லிவிடுவது நல்லது. சிறு வளாகத்தில் மூன்றாம் வருடம் மருத்துவமனைக்குள் நுழையும்போது வித்தியாசம் தெரியும். பெரிய மருத்துவமனையில் ஒரு பிரசவம் என்றால் ஃபெலோ, மூத்த ரெசிடென்ட், இளைய ரெசிடென்ட் என்று ஒரு வரிசை முன்னால் நிற்கும். மாணவர் ஓரத்தில் நின்று எட்டிப் பார்க்க வேண்டும். ரெசிடென்ட்டுகள் குறைவாக உள்ள ஊர் மருத்துவமனையில் மூத்த மருத்துவருக்கு நேர் எதிரே நிற்பது மாணவர்தான். குழந்தையின் தலையைத் தாங்கும் கை சில நேரம் அவருடையதாகவே இருக்கும். அந்த மருத்துவரே பிறகு எழுதும் பரிந்துரைக் கடிதத்தில் பொதுப்படையான வாக்கியங்கள் இருக்காது, பார்த்தது இருக்கும். வீட்டு வாடகையும் குறைவு.

நஷ்டங்களும் உண்மை. நரம்பியல் அறுவை சிகிச்சை, தோல் மருத்துவம் போன்ற போட்டி மிகுந்த துறைகளுக்குப் போக ஆசையென்றால் அந்தத் துறைத் தலைவர்களும் ஆய்வுக்கூடங்களும் பெரும்பாலும் பெரிய வளாகத்தில்தான் இருப்பார்கள். அங்கே சில வாரப் பயிற்சிக்குப் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய் வர வேண்டியிருக்கும். அரிய நோய்கள் வந்து சேர்வதும் அங்கேதான். சவுத் பெண்டில் மிச்சிகன் ஏரிக்காற்று கொண்டுவந்து கொட்டும் பனியை முதல் குளிர்காலத்தில் யாரும் ரசிப்பதில்லை. இருபது முப்பது பேர் உள்ள வகுப்பில் ஒருவரோடு மனஸ்தாபம் என்றால் ஒதுங்கிப் போக இடமும் இல்லை. இவற்றை யோசித்து வரிசை போடுவதில் தவறில்லை. 'ஊர் பேர் தெரியாத இடம்' என்பதற்காக வரிசை போடுவதுதான் வீண்.

ரெசிடென்சிக்கு எடுக்கிறவர்கள் வளாகத்தின் பெயரைப் பார்த்து ஒதுக்குவார்களா என்று பலரும் கேட்கிறார்கள். அவர்கள் கையில் போவது ஒரே பள்ளியின் பெயர் தாங்கிய விண்ணப்பம். முதல் கட்ட உரிமத் தேர்வு 2022 ஜனவரியிலிருந்து தேர்ச்சி, தோல்வி என்று மட்டுமே அறிவிக்கப்படுகிறது. இரண்டாம் கட்டத் தேர்வின் மதிப்பெண், மருத்துவமனைப் பயிற்சியில் கிடைத்த மதிப்பீடு, பரிந்துரைக் கடிதம், நேர்காணல் இவைதான் எடை பெறுகின்றன. இந்த நான்கையும் எந்த ஊரிலிருந்தும் நன்றாகச் செய்யலாம்.

இப்போது வீட்டுக்கு வருவோம். படிவத்தை நிரப்பும் இரவு நம் வீடுகளில் எப்படி இருக்கும் என்பது நமக்குத் தெரியும். அப்பா கூகுள் வரைபடத்தில் ஒவ்வொரு ஊருக்கும் விமான நிலையம் எவ்வளவு தூரம் என்று பார்ப்பார். அம்மா பட்டேல் பிரதர்ஸும் கோவிலும் எங்கே என்று தேடுவார். சிகாகோவில் இருக்கும் சித்தப்பா ஸ்பீக்கர் ஃபோனில் வந்து, "கேரியைப் போடு, நான் இருக்கேன்ல" என்பார். நான்கு வருடம் அங்கே இருக்கப்போகிற பிள்ளை மட்டும் பேசாமல் உட்கார்ந்திருக்கும். என் வேண்டுகோள் இதுதான்: முதல் வரைவைப் பிள்ளை தனியாக எழுதட்டும். பிறகு நீங்கள் கேள்வி மட்டும் கேளுங்கள். பெரிய வகுப்பில் படிப்பு ஏறுமா, சிறிய வகுப்பிலா? ஆய்வு செய்ய ஆசையா, நோயாளிகளோடு இருக்க ஆசையா? கார் ஓட்டிக்கொண்டு பனியில் போக முடியுமா? இப்போது அந்த ஊரில் படிக்கும் ஒருவரோடு பேசினாயா?

இன்னொன்று, தந்திரம் வேண்டாம். 'எல்லோரும் இண்டியானாபொலிஸ் போடுவார்கள், நாம் இரண்டாவதாகப் பிடித்ததை முதலில் போட்டால் அதுவாவது உறுதியாகும்' என்று கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. மற்றவர்கள் என்ன போடுவார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. பிடித்த வரிசையிலேயே எழுதினால், கிடைத்தது எதுவானாலும் பிறகு மனசு அரிக்காது. நான்கு வருடம் கழித்து ரெசிடென்சிக்கான பெரிய பொருத்தம் நடக்கும்போதும் இதே பாடம்தான் உதவும். மாணவர்களையும் மருத்துவமனைகளையும் இணைக்கும் அந்தக் கணினி முறையின் கணித வேர், டேவிட் கேலும் லாயிட் ஷாப்லியும் 1962-ல் எழுதிய ஆய்வில் இருக்கிறது. அதைத் திருத்தி அமைத்த ஆல்வின் ராத், ஷாப்லியோடு சேர்ந்து 2012-ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றார். அந்த முறையில் மாணவர் தன் உண்மையான விருப்ப வரிசையைத் தருவதே அவருக்கு நல்லது என்பது கணிதமாகவே நிறுவப்பட்டது. வளாக ஒதுக்கீடு ஒவ்வொரு பள்ளியிலும் ஒவ்வொரு விதம் என்றாலும், உள்ளதை உள்ளபடி எழுதிப் பழக அது நல்ல ஒத்திகை.

நாள் கணக்கையும் மறந்துவிடாதீர்கள். பல பள்ளிகளில் இடம் கிடைத்தவர்கள் ஏப்ரல் 30-க்குள் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை விட வேண்டும் என்பது நடைமுறை. அதற்குள் ஊர் தெரிந்துவிடுமா என்று ஒவ்வொரு பள்ளியின் சேர்க்கை அலுவலகத்திலும் முன்பே கேட்டு வையுங்கள். மாற்றம் கேட்க வேண்டுமென்றால் காரணத்தை எழுத்தில், சுருக்கமாக, பிள்ளையே எழுதட்டும். அப்பா எழுதும் மின்னஞ்சலை எந்தச் சேர்க்கை அலுவலகமும் விரும்பாது.

மன்சி மாணவியின் அம்மாவுக்கு நான் கடைசியாகச் சொன்னது, மாமியாரிடம் ஊர்ப் பெயரையும் சேர்த்தே சொல்லுங்கள் என்பதுதான். அது ஒதுக்கித் தள்ளப்பட்டவர்களின் ஊர் இல்லை. ஒரு மாநிலம் ஐம்பது வருடத்துக்கும் மேலாக, 'எங்களுக்கும் மருத்துவர் வேண்டும்' என்று கேட்டு வாங்கி வைத்திருக்கும் வகுப்பறை.

உங்கள் வீட்டில் யாராவது இப்படிச் சிறு ஊர் வளாகத்தில் படித்துக்கொண்டிருந்தால், அல்லது படித்து முடித்து அந்த ஊரிலேயே மருத்துவராகத் தங்கியிருந்தால், நமக்கு எழுதச் சொல்லுங்கள். பாராட்டுரை வேண்டாம். முதல் பனியில் என்ன செய்தார்கள், கறிவேப்பிலைக்கு எவ்வளவு தூரம் போனார்கள், யாரோடு சேர்ந்து படித்தார்கள், எந்த மருத்துவர் எதைக் கற்றுக்கொடுத்தார், திரும்பவும் வரிசை போடச் சொன்னால் என்ன போடுவார்கள் என்று எழுதினால் போதும். வரும் கடிதங்களைத் தை மாத இதழில் ஊர் வாரியாகத் தொகுத்து வெளியிடுகிறோம். அடுத்த வசந்தத்தில் படிவத்தோடு உட்காரப்போகும் பிள்ளைகளுக்கு அது நேரத்தில் போய்ச் சேர வேண்டும். அதனால் கார்த்திகைக்குள் அனுப்பிவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்